ஓட்டிசம் உண்மையில கூடுதோ, இப்பதான் கண்ணில படுதோ?

மூதூர் வாசகர் ஒருவர் தொடங்கியது
2025 ஏப்ரல் 18

அமெரிக்காவில 31 பிள்ளையில ஒண்டுக்கு ஓட்டிசமாம், செய்தியில சொல்றாங்கள். நான் படிக்கேக்க எங்கட வகுப்பில நாப்பது பேர், ஒருத்தருக்கும் இப்பிடி ஒண்டும் இல்லை. இப்ப பிள்ளை கொஞ்சம் பிந்திக் கதைச்சாலே ஒரு பேரை வச்சுக் கொழும்புக்கு அனுப்புறாங்கள். இது வருத்தமோ, நாகரிகமோ? டீச்சர்மார் ஆராவது இருந்தா சொல்லுங்கோ.

2025 ஏப்ரல் 18, இரவு

டீச்சர் எண்டு கேட்டபடியா வாறன். திருகோணமலையில உப்புவெளிப் பக்கம் சின்னதா ஒரு பாலர் பாடசாலை நடத்துறன். என்ட அக்காட மகனுக்கு ஓட்டிசம் (ஆட்டிசம் எண்டும் சொல்லுவினம்; ஆக்களோட பழகிறது, கதைக்கிறது எல்லாம் சின்னனிலயே வேற மாதிரி இருக்கிற நிலை), இப்ப 19 வயசு.

முதல்ல அந்த 31. அது அமெரிக்கா முழுக்க எண்ணின கணக்கு இல்லை. 2022ல 8 வயசா இருந்த பிள்ளையளின்ட பள்ளிக்கூடப் பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவுகளை 16 இடங்களில கிண்டி எடுத்தது. அதுக்குள்ளயே டெக்சஸில லரேடோ எண்ட இடத்தில 103க்கு ஒண்டு, கலிபோர்னியாவில சான் டியேகோப் பக்கம் 19க்கு ஒண்டு. ஒரே நாடு, ஒரே வருஷம், அஞ்சு மடங்கு வித்தியாசம். சான் டியேகோத் தண்ணியில ஏதோ கிடக்கெண்டு நினைக்கிறதுக்கு முதல், அங்க சின்ன வயசிலயே பிள்ளையளைத் தேடிப் பரிசோதிக்க ஆக்கள் இருக்கினம் எண்டதையும் பாருங்கோ.

2000ஆம் ஆண்டுக் கணக்கில இது 150க்கு ஒண்டு. 2010ல 68, 2020ல 36, இப்ப 31. ஏறுது எண்டது உண்மை. என்ன ஏறுது எண்டதுதான் கேள்வி.

2025 ஏப்ரல் 19

"எங்கட வகுப்பில ஒருத்தரும் இல்லை."

அண்ணன், அவையள் வகுப்புக்கே வரேல்ல.

எங்கட அம்மாட மாமா ஒராள் திருக்கடலூரில இருந்தவர். நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க அவருக்கு அம்பது தாண்டியிருக்கும். ஆரோடயும் கதைக்கமாட்டார். ஆனா கரைக்கு வாற வள்ளம் ஆற்றயெண்டு தூரத்திலயே கண்டுபிடிச்சு, உடையவரின்ட பேரை மட்டும் ரெண்டு தரம் சொல்லுவார். வெள்ளைச் சாரம் தவிர வேற கட்டமாட்டார். சோத்தில கறி பட்டாத் தட்டைத் தள்ளிப்போடுவார். பள்ளிக்கூட வாசலே மிதிச்சதில்லை. ஊரில அவருக்கு இருந்த பட்டப்பேரை இங்க எழுத மனமில்லை.

அக்காட மகனைப் பரிசோதிச்ச டொக்டர் "குடும்பத்தில வேற ஆராவது இப்பிடி?" எண்டு கேட்டதும் அம்மா யோசிக்காமச் சொன்ன பேர் அவற்றது.

2025 ஏப்ரல் 19, பின்னேரம்

நிலாவெளியில இருந்து ஒராள் எழுதியிருக்கிறார்: "பாத்தீங்களே, அந்தக் காலத்தில பேர் வைக்காமலே ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. இப்ப பேர் வச்சு ஒதுக்குறாங்கள்."

பாதி உண்மை. மீன்காரர் அவரை விரட்டினதில்லை. வள்ளம் வந்தா அவற்ற பங்குக்கு ரெண்டு மீன் மணலில கிடக்கும். மற்றப் பாதியையும் சொல்றன். வீட்டுக்குப் பெண் பாக்க, மாப்பிளை பாக்க ஆக்கள் வாற நாளில அவரைப் பின்வளவுக் கொட்டிலில கயித்தால கட்டி வச்சவை. அவற்ற தங்கச்சிக்குக் கலியாணம் பிந்தினதுக்கும் அவரையே காரணம் சொன்னவை. மாமா எண்டா என்ன வேணும் எண்டு அவரை ஆரும் கேட்டதா அம்மாவுக்கு நினைவில்லை.

ரெண்டு மீனுக்கு ஏற்றுக்கொள்ளுதல் எண்டு பேர் வைக்கலாமெண்டா வையுங்கோ.

2025 ஏப்ரல் 20

என்ட மனிசனுக்கு நான் எழுதினதைக் காட்டினன். "நானும் கறி பட்டாச் சாப்பிடமாட்டன், எனக்கும் இருக்குமோ?" எண்டு கேக்கிறார். உங்களுக்கு இருக்கிறது உங்கட அம்மா குடுத்த செல்லம் எண்டன்.

பகிடிதான். ஆனா இந்தக் கேள்வி திரும்பவும் வரும், அதுக்கு நான் பிறகு வாறன்.

2025 ஏப்ரல் 22

கணக்கு ஏன் ஏறுது எண்டு கேட்டிருக்கினம். கொஞ்சம் நீளமா எழுதவேண்டியிருக்கு.

1943ல பால்ட்டிமோரில லியோ கானர் எண்ட டொக்டர் 11 பிள்ளையளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில இருந்துதான் இண்டைக்கு நாங்க ஓட்டிசம் எண்டு சொல்றது தொடங்குது. அடுத்த வருஷம் வியன்னாவில ஹான்ஸ் அஸ்பேர்கர் எழுதினார். இவைக்கு முதலே, 1920களில, மொஸ்கோவில குருன்யா சுகாரேவா எண்ட பெண் டொக்டர் இதே மாதிரிப் பிள்ளையளை விவரிச்சிருக்கிறா. அவவைக் கன காலம் ஆரும் கண்டுகொள்ளேல்ல.

கானரிட்ட வந்த பிள்ளையளின்ட தாய் தகப்பன் கூடுதலாப் படிச்ச, வசதியான ஆக்கள். உடனே உலகம் என்ன முடிவெடுத்தது? ஓட்டிசம் படிச்ச வீட்டு வருத்தம் எண்டு. அந்தக் காலத்தில பால்ட்டிமோருக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக ஆரால ஏலும் எண்டு யோசிக்கேல்ல. எங்கட பக்கமும் இதேதான். பட்டினத்துக்குள்ள இருக்கிற உவர்மலைப் பிள்ளையளுக்குக் கூடுதலா இருக்கு, தூரத்து ஈச்சிலம்பற்றுப் பிள்ளையளுக்கு இல்லை எண்டு ஒராள் என்னிட்டச் சொன்னவர். ஈச்சிலம்பற்றில இருந்து கொழும்புக்கு ஒருக்காப் போய்வர எவ்வளவு முடியும் எண்டு அவருக்குத் தெரியாதாக்கும்.

1966ல இங்கிலாந்தில மிடில்செக்ஸ் பகுதியில விக்டர் லொட்டர் எண்ணேக்க 10,000க்கு நாலரைதான். 1980ல அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில ஓட்டிசம் தனி இடம் பிடிச்சது. 1994ல அஸ்பேர்கர் வகையையும் சேர்த்தினம். 2013ல எல்லாத்தையும் ஒரே குடையின்ட கீழ கொண்டுவந்திட்டினம். வலைக்கண்ணைச் சின்னனாக்கினா வள்ளத்தில மீன் கூடத்தான் ஏறும். கடலில மீன் பெருகிட்டுதெண்டு அதை வச்சுச் சொல்லேலாது.

டென்மார்க்கில 1980 தொடக்கம் 1991 வரை பிறந்த பிள்ளையளின்ட பதிவுகளை ஆராய்ஞ்சு 2015ல ஒரு கட்டுரை வந்தது. ஏறினதில 60 சதவீதம், வரையறை மாறினதாலயும், ஆஸ்பத்திரியில தங்காமக் காட்டிட்டுப் போற ஆக்களையும் பதியத் தொடங்கினதாலயும் வந்தது. அதே வருஷம் சுவீடனில இரட்டைப் பிள்ளையளை வச்சு இன்னொரு ஆய்வு. பதிவில ஓட்டிசம் ஏறிக்கொண்டு போகுது, ஆனா தாய் தகப்பன் சொல்ற குணங்குறிகளின்ட அளவு வருஷத்துக்கு வருஷம் பெரிசா மாறேல்ல.

2025 ஏப்ரல் 23

திருக்கடலூர்க்காரர் ஒராள் கேட்டிருக்கிறார்: "டீச்சர், சில வருஷம் கடலில மீனும் கூடத்தானே செய்யுது?"

நல்ல கேள்வி. முழுக்க வலைக்கண்தான் எண்டு நானும் சத்தியம் செய்யமாட்டன். டென்மார்க் 60ஐக் கழிச்சா 40 மிச்சம் இருக்கு. தாய் தகப்பனுக்கு வயசு ஏறினபிறகு பிறக்கிற பிள்ளைக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூட. மாதம் நிரம்பாமப் பிறக்கிற பிள்ளைக்கும் அப்பிடித்தான். முந்தித் தப்பியிருக்காத பிள்ளையள் இப்ப தப்பி வளருதுகள், கலியாணமும் பிந்தித்தான் நடக்குது. ஆனபடியா உண்மையிலயும் கொஞ்சம் கூடியிருக்கலாம். "கொள்ளைநோய் மாதிரிப் பரவுது" எண்டு அமெரிக்கச் சுகாதார அமைச்சர் சொல்றதுக்கும் இதுக்கும் இடையில நிறையத் தூரம்.

2025 ஏப்ரல் 27

இலங்கைக் கணக்குக் கேட்ட ஆளுக்கு: 2009ல வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கு. பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் கூட இருந்தவையும் செய்தது. 18 தொடக்கம் 24 மாதப் பிள்ளையளைப் பாத்ததில 93க்கு ஒண்டு. பாத்த பிள்ளையளே சில நூறுதான், அதுவும் ஒரே பகுதியில. அதை வச்சு முழு நாட்டையும் அளக்கேலாது. ஆனா "இது வெள்ளைக்காரன்ட வருத்தம்" எண்டு சொல்ற ஆக்களுக்கு அது காணும்.

என்ட பாலர் பாடசாலையில நான் பாக்கிறது என்னெண்டா, அநேகமா ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது வரும், பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்காது. காது கேக்காதோ எண்டா, அடுத்த அறையில பிஸ்கட் பக்கற் உடைக்கிற சத்தம் கேக்கும். ஒண்டு வேணுமெண்டா விரலால காட்டாது. என்ட கையைப் பிடிச்சு, கையை ஒரு சாமான் மாதிரிக் கொண்டுபோய் அதில வைக்கும். ஒண்டரை வயசில பிள்ளை விரல் நீட்டி "அங்க பார்" எண்டு காட்டாட்டி அதைத்தான் முதல்ல கவனிக்கவேணும். கதைக்கிறது பிறகு. எங்கட சனம் கதையைத்தான் பாத்துக்கொண்டு இருக்கும்.

அதையும் பாத்துப்போட்டு என்ன சொல்லும்? "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும்." "தேப்பனும் நாலு வயசிலதான் வாய் திறந்தவர்." நாக்கில வசம்பு உரைச்சுத் தடவுவினம், நூல் கட்டுவினம், கிண்ணியாப் பக்கம் எண்டா தண்ணி ஓதிக் குடுப்பினம். நான் இதுகளைப் பகிடி பண்ணமாட்டன், தாய்க்கு ஏதோ செய்யவேணும் போல இருக்கும். வசம்பைத் தடவிக்கொண்டே மருத்துவமாதுவிட்டயும் சொல்லுங்கோ எண்டு மட்டும் சொல்லுவன். கிளினிக் கொப்பியில பிள்ளை என்னென்ன மாதத்தில என்னென்ன செய்யவேணும் எண்டு பக்கம் பக்கமா இருக்கு. நாங்க நிறையைப் பாத்திட்டு மூடி வச்சிடுவம்.

பெண் பிள்ளையள் பற்றியும் ஒண்டு. அமெரிக்கக் கணக்கில பெண் பிள்ளையளை விட ஆண் பிள்ளையளில கிட்டத்தட்ட மூண்டரை மடங்கு கூட வருது. அதில எவ்வளவு உண்மை, எவ்வளவு தவறவிட்டது எண்டு நான் யோசிக்கிறதுண்டு. மூலையில இருந்து ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிக் கீறுற பெட்டைக்கு எங்கட ஊரில "நல்ல அடக்கமான பிள்ளை" எண்டு பேர்.

2025 மே 3

போன். இதை ஆராவது தொடுவினம் எண்டு தெரியும். மூண்டு பேர் தொட்டிட்டினம்.

போனால ஓட்டிசம் வாறதில்லை. போனையே பாத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குக் கதை பிந்தும், கண் பாத்துப் பழகாது, போனைக் குறைச்சு ஆக்களோட விட்டாச் சில பிள்ளையள் நல்லா முன்னேறும். அதுவும் உண்மை, நானே கண்டிருக்கிறன். அப்பிடி முன்னேறின ஒரு பிள்ளையைக் காட்டி, முன்னேறாத மற்றப் பிள்ளையின்ட தாயைப் பாத்து "நீ போன் குடுத்ததால" எண்டு சொல்றதுதான் எனக்கு ஏலாத விஷயம். தாய்மாரை அடிக்கிற இந்தப் பிரம்புக்கு எழுபது எண்பது வருஷம். 1940களில, 50களில அன்பில்லாத தாயாலதான் ஓட்டிசம் வருது எண்டு பெரிய பெரிய டொக்டர்மார் சொன்னவை. 1977ல இங்கிலாந்தில சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 சோடி இரட்டையரை ஆராய்ஞ்சு, பிறவியிலயே வாற பங்கு எவ்வளவு பெரிசு எண்டு காட்டினபிறகுதான் அது மெல்ல மெல்ல ஓய்ஞ்சது. அங்க ஓய்ஞ்சது, எங்கட மாமிமாரிட்ட இன்னும் ஓயேல்ல.

அக்காட மகன் பிறக்கேக்க எங்கட வீட்டில இருந்தது பட்டன் போன். அதில அவன் என்னத்தைப் பாத்தவனாம்?

2025 மே 4

மேல எழுதினதை வாசிச்சிட்டு "அப்ப டீச்சர் போன் குடுக்கலாம் எண்டு சொல்லீட்டா" எண்டு ஒராள் ஊர் முழுக்கச் சொல்றாராம். நான் அப்பிடிச் சொல்லேல்ல. குடுக்காதீங்கோ.

2025 மே 14

வெசாக் முடிஞ்சுது. ஒலிபெருக்கி, வெடி. இந்தப் பட்டினத்தில ஒரு மதத்துக்கும் குறைவில்லாத சத்தம். கோயில் திருவிழா எண்டா மேளமும் வெடியும், பள்ளியில பாங்கு, தேவாலயத்தில மணி. அக்காட மகன் சின்ன வயசில கோணேசர் நகர்வலம் வாற நேரம் கட்டிலுக்குக் கீழ போய்க் காதைப் பொத்திக்கொண்டு படுத்திடுவான். வாசலில நிறைகுடம் வச்சுப்போட்டு அக்கா உள்ள அவனோட கிடப்பா. சாமி வீட்டு வாசலுக்கு வந்தும் கும்பிடக் குடுத்துவைக்கேல்ல எண்டு பக்கத்து வீட்டு மாமி சொன்னது அக்காவுக்கு இன்னும் நெஞ்சில கிடக்கு.

இப்ப அவனுக்குக் காதுக்குப் போடுற மூடி இருக்கு, கட்டட வேலைக்காரர் போடுற மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு வருவான். முதல் தரம் வந்தண்டு எல்லாரும் பாத்தவை. ஒரு ஐயர் மட்டும் கிட்ட வந்து, "மேளம் எத்தினை மணிக்கு அடிக்கும் எண்டு கேட்டுக்கொண்டு முன்னேரமே வாங்கோ பிள்ளை, ஆறுதலாக் கும்பிடலாம்" எண்டவர். சமூக ஏற்பு எண்டு கூட்டம் வச்சுக் கதைக்கிற ஆக்களுக்கு நான் சொல்ற ஒரே உதாரணம் இது. அவருக்கு ஓட்டிசம் எண்டா என்னெண்டு தெரிஞ்சிருக்குமோ தெரியாது. அவர் நேரத்தைத்தான் சொன்னார்.

ஏப்ரல் 2ஆம் திகதி உலக ஓட்டிச விழிப்புணர்வு நாள். ஐ.நா. 2007ல தீர்மானிச்சு 2008ல இருந்து நடக்குது. நீல நிறச் சட்டை போட்டு ஊர்வலம் வைக்கிறதும் அதோடதான். ஒருக்கா ஒரு ஊர்வலத்தில பாண்ட் வாத்தியம் பிடிச்சவை. பாண்ட்! எந்தப் பிள்ளையளுக்காக நடக்கிறதோ அதுகள் அரைவாசி வழியிலயே அழுது வீட்டுக்குப் போயிட்டுதுகள்.

2025 ஜூன் 9

கிண்ணியா ராத்தா ஒராள் எழுதினதை வாசிச்சிட்டு ரெண்டு நாள் ஒண்டும் எழுதேல்ல. அவ சொன்னதின்ட சுருக்கம் இது: பிள்ளைக்கு மூண்டு வயசு, ராத்திரி ரயிலில கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போறா, பிள்ளை விடிய விடியக் கத்துது, பெட்டியில இருக்கிற ஆக்கள் "பிள்ளையை அடக்கத் தெரியாதோ" எண்டு கேக்கினம். அங்க போனா, பயிற்சி குடுக்கிறவ நல்லவ, ஆனா சிங்களத்தில சொல்லிக் குடுக்கிறா. வீட்டில உம்மா சொல்ற சொல் ஒண்டு, அங்க கேக்கிற சொல் வேற.

தமிழில பேச்சுப் பயிற்சி குடுக்கப் படிச்ச ஆக்கள் நாட்டிலயே குறைவு. "நேரத்தோட கண்டுபிடியுங்கோ" எண்டு நாங்க எல்லாரும் சொல்றம், நானும்தான் மேல எழுதியிருக்கிறன். கண்டுபிடிச்சபிறகு எங்க போறது? மூதூர் அண்ணன்ட கோவத்தில எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்: ஒரு பேரை வச்சுக் கொழும்புக்கு அனுப்புறாங்கள் எண்டார். அதை மறுக்க என்னிட்ட ஒண்டும் இல்லை.

ராத்தாவுக்கு ஒண்டு: கொழும்பில தாய்மாருக்குப் பழக்கி, வீட்டிலயே அவையளைக் கொண்டு பயிற்சி குடுத்துப் பாத்த ஒரு ஆய்வு 2016ல வந்தது. அதுவும் பேராசிரியை பெரேரா ஆக்கள் செய்ததுதான். சில மாதத்திலயே பிள்ளையளில முன்னேற்றம் கண்டிருக்கினம். நாள் முழுக்க நிலையத்தில விட்டாத்தான் சரிவரும் எண்டு இல்லை. குளிக்க வாக்கேக்க, புட்டு அவிக்கேக்க, சட்டை மாத்தேக்க, பிள்ளையின்ட முகத்துக்கு நேரா இருந்து ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறது. காத்திருக்கிறதுதான் கஷ்டம். நாங்க பதிலையும் நாங்களே சொல்லிடுவம். வீட்டில தமிழில கதையுங்கோ. ரெண்டு மொழி கேட்டாப் பிள்ளை குழம்பும் எண்ட பயத்துக்கு ஆதாரம் இல்லை, ஆனா உங்களுக்குச் சரளமா வராத மொழியில கதைச்சாப் பிள்ளைக்குக் கிடைக்கிற கதையே குறைஞ்சிடும்.

காசு பற்றி: இந்தப் பக்கம் ஒரு இடத்தில "ஆறு மாதத்தில சுகப்படுத்தித் தாறம்" எண்டு அட்டை அடிச்சுத் தாய்மாரிட்ட நகையை அடகு வைக்கப் பண்ணினவை. பேர் எழுதேல்ல. சுகப்படுத்துறம் எண்டு ஆர் சொன்னாலும் எழும்பி வந்திடுங்கோ.

2025 ஜூலை 20

ஏப்ரல் 20ல என்ட மனிசன் கேட்ட பகிடிக்கு இப்ப வாறன். கொழும்பில கணினி வேலை செய்யிற, சாம்பல்தீவுத் தம்பி ஒராள் எழுதியிருக்கிறார். 27 வயசில தானாத் தேடிப் போய்ப் பரிசோதிச்சு, ஓட்டிசம் எண்டு தெரிஞ்சுகொண்டவராம். "எனக்கு வருத்தம் இல்லை, என்ட மூளை வேற மாதிரி. மாறவேண்டியது நான் இல்லை, நீங்கள்" எண்டு எழுதியிருக்கிறார். அதுக்குக் கீழ ஒரு தாய்: "என்ட மகளுக்கு 12 வயசு, தன்ட கையைத் தானே கடிச்சுப் புண்ணாக்குறா. இவருக்கும் என்ட மகளுக்கும் ஒரே பேரா?" பிறகு நடந்த சண்டையை எல்லாரும் பாத்தனீங்கள்.

இந்தச் சண்டை உலகம் முழுக்க இருக்கு. 1993ல ஜிம் சின்கிளேர் எண்ட, தனக்கே ஓட்டிசம் இருக்கிற ஒராள், எங்களுக்காக அழாதீங்கோ எண்டு பெற்றோருக்கு எழுதினதில இருந்து ஒரு பக்கம் வளர்ந்து வந்தது. மற்றப் பக்கம், 2021ல லான்செட் எண்ட மருத்துவ இதழ் அமைச்ச ஆணைக்குழு, 24 மணித்தியாலமும் துணை தேவைப்படுற ஆக்களுக்குத் தீவிர ஓட்டிசம் எண்டு தனியாச் சொல்லவேணும் எண்டது. அந்த வரையறையை வச்சு அமெரிக்காவில பழைய பதிவுகளைப் பாத்தா, ஓட்டிசம் எண்டு எண்ணின பிள்ளையளில நாலில ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட அதுக்குள்ள வருது.

தம்பி சொல்றது எனக்கு விளங்குது. இருபத்தேழு வருஷம் "திமிர் பிடிச்சவன், முகம் பாத்துக் கதைக்கமாட்டான்" எண்டு கேட்டுக் கேட்டு வளர்ந்த ஆளுக்கு அந்தப் பரிசோதனை ஒரு விடுதலை. டிக்டொக் பாத்துத் தானே பேர் வச்சுக்கொள்றவை எண்டு அவரை நக்கலடிச்ச ஆக்கள் கொஞ்சம் அடக்கி வாசியுங்கோ. அவர் முறையாப் போய்ப் பரிசோதிச்சவர்.

ஆனா ஏற்பு எண்டு நாங்க சொல்றதெல்லாம் இப்ப அவரைப் போல ஆக்களிட்டத்தான் போய்ச் சேருது. கதைக்கத் தெரிஞ்சவை, மேடையில ஏத்தலாம், பத்திரிகையில படம் போடலாம். கையைக் கடிக்கிற பிள்ளை இண்டைக்கும் வீட்டுக்குள்ளதான். எங்கட மாமாட பின்வளவுக் கொட்டில் போய் இப்ப அறை வந்திருக்கு, மின்விசிறி இருக்கு, கதவு பூட்டியிருக்கு. பேர் பெருக்கப் பெருக்க அந்தப் பிள்ளையள் எண்ணிக்கைக்குள்ள கரைஞ்சு போறதுதான் எனக்குப் பயம். இதை நான் தம்பிக்கு எதிராச் சொல்லேல்ல. அவரும் அந்தத் தாயும் பிறகு தனியாக் கதைச்சவையாம், என்னத்தைக் கதைச்சினம் எண்டு எனக்குச் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல.

2025 ஜூலை 21

நான் ரெண்டு பக்கத்துக்கும் நல்லபிள்ளை விளையாடுறன் எண்டு ஒராள். சரி, தெளிவாச் சொல்றன்: காசும் ஆக்களும் குறைவெண்டா முதல்ல போகவேண்டியது கையைக் கடிக்கிற பிள்ளைக்கு. மரியாதை எல்லாருக்கும் ஒரே அளவு. இப்ப ஆராவது கோவிச்சா நல்லது.

அமெரிக்க அமைச்சர் ஏப்ரலில சொன்னதையும் ஞாபகப்படுத்துறன். இந்தப் பிள்ளையள் வரி கட்டமாட்டினம், வேலைக்குப் போகமாட்டினம், கவிதை எழுதமாட்டினம் எண்டார். எங்கட பெரியவன், அதுதான் அக்காட மகன், கவிதை எழுதமாட்டான்தான். வரி கட்டாதவையைக் கணக்கெடுக்கத் தொடங்கினா, இந்த ஊரில அவன் தனிய இல்லை.

2025 செப்டம்பர் 24

பனடோல்! திரும்பவும் எல்லாரும் எழும்பி வந்திட்டீங்கள்.

22ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி கர்ப்பிணிகள் பனடோல் வகை (பரசிட்டமோல்) மருந்தைக் குடிக்காதீங்கோ, ஓட்டிசம் வரும் எண்ட மாதிரிக் கதைச்சார். இண்டைக்குக் காலமை என்ட பாடசாலை வாசலில ரெண்டு தாய்மார் அழுதுகொண்டு நிக்கினம், "நான் குடிச்சனான் டீச்சர்" எண்டு. இந்த நாட்டில பனடோல் குடிக்காத கர்ப்பிணி ஆர்?

சுவீடனில 24 லட்சம் பிள்ளையளை வச்சுச் செய்த ஆய்வு 2024ல வந்தது. வெளியால பாத்தாச் சின்னத் தொடர்பு மாதிரித் தெரியும். அதே தாயின்ட ஒரு வயித்தில குடிச்சது, மற்ற வயித்தில குடிக்காதது எண்டு சகோதரங்களை ஒப்பிட்டா அந்தத் தொடர்பு இல்லாமப் போகுது. குடும்பத்தோட வாறதை மருந்தின்ட தலையில போட்டிருக்கினம். உலக சுகாதார நிறுவனமும் உறுதியான ஆதாரம் இல்லை எண்டுதான் சொல்லுது.

இங்க எனக்கு உண்மையான பயம் டெங்கு. மழை தொடங்கினா எங்கட பக்கம் காய்ச்சல் தொடங்கும். டெங்குக்குப் பனடோலை விட்டிட்டு வேற நோக் குளிசை போட்டா இரத்தக்கசிவு வரலாம். கர்ப்பிணிக்குக் காய்ச்சலை அப்பிடியே விடுறதும் கூடாது. டொக்டர் சொன்ன அளவில போடுங்கோ. அமெரிக்காவில ஆரோ கதைச்சதுக்கு மூதூரில ஒரு பிள்ளைத்தாச்சி காய்ச்சலோட கிடக்கவேண்டாம்.

2025 செப்டம்பர் 25

"அப்ப ஊசி?" எண்டு கேட்ட ஆளுக்கு, நீங்கள் வருவீங்கள் எண்டு ஏப்ரலில இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறன்.

1998ல அன்றூ வேக்ஃபீல்ட் எண்ட இங்கிலாந்து டொக்டர் 12 பிள்ளையளை வச்சு, சின்னமுத்து உட்பட மூண்டு வருத்தத்துக்குப் போடுற முக்கூட்டு ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு எண்ட மாதிரி லான்செட்டில ஒரு கட்டுரை எழுதினார். 2010ல லான்செட் அந்தக் கட்டுரையைத் திருப்பி எடுத்திட்டுது, இங்கிலாந்தில அவருக்கு டொக்டர் பதிவும் போச்சு. ஜப்பானில 1993ல அந்த முக்கூட்டு ஊசியை நிப்பாட்டினவை; யோகோஹாமாவில அதுக்குப் பிறகும் ஓட்டிசக் கணக்கு ஏறிக்கொண்டுதான் போனது. டென்மார்க்கில 657,461 பிள்ளையளைப் பாத்து 2019ல எழுதினதிலயும் ஒண்டும் இல்லை. எங்கட நாட்டில அந்த ஊசி 9 மாதத்திலயும் 3 வயசிலயும். பிள்ளையின்ட வித்தியாசம் தெரியத் தொடங்கிற வயசும் அந்த இடைவெளிக்குள்ளதான் வருது, அதுதான் மனசு முடிச்சுப் போடுது.

இதுக்கு மேல ஊசி பற்றி எழுதமாட்டன். சின்னமுத்து வந்த பிள்ளையைப் பாத்தவை என்னோட சண்டைக்கு வரமாட்டினம்.

2025 ஒக்டோபர் 12

பள்ளிக்கூடம். தை மாதம் தரம் 1க்குப் போற பிள்ளையின்ட தாய், பாலையூற்றில இருந்து கேட்டிருக்கிறா: பேரைச் சொல்லிச் சேர்க்கிறதோ, மறைச்சுச் சேர்க்கிறதோ?

எங்கட பெரியவனை ஒரு பள்ளிக்கூடம் "மற்றப் பிள்ளையளின்ட படிப்புக் கெடும்" எண்டு திருப்பி அனுப்பினது. இன்னொண்டு சேர்த்தது, அங்க விசேட கல்வி அலகு ஒண்டு இருந்தது, ஒரு டீச்சர், எல்லா விதமான பிள்ளையளும் ஒரே அறையில. படிச்சது கொஞ்சம். ஆனா இடைவேளைக்கு மற்றப் பெடியளோட ஒரே முற்றத்தில நிண்டவன், அவங்கள் இண்டைக்கும் ரோட்டில கண்டா "மச்சான்" எண்டு கூப்பிடுறாங்கள். நாட்டில 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, மாற்றுத்திறன் காரணமாக் கல்வி நிறுவனத்தில சேர்க்க மறுக்கேலாது. அதிபர் வாயால மறுத்தா, எழுத்தில தாங்கோ எண்டு பணிவாக் கேளுங்கோ. எழுதித் தர அநேகமா விரும்பமாட்டினம். பிறகு வலயக் கல்விப் பணிமனை.

சொல்லிச் சேருங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். மறைச்சுச் சேர்த்தா முதல் கிழமையே "வளர்ப்புச் சரியில்லை" எண்டு வரும். சேரேக்க ஒரு தாளில எழுதிக் குடுங்கோ: மணிச் சத்தத்துக்குப் பயம், இடியப்பத்தில சொதி படக்கூடாது, தண்ணி கேக்கத் தெரியாது நேரத்துக்குக் குடுக்கவேணும். வருத்தத்தின்ட பேரை விட இந்தத் தாள்தான் டீச்சருக்கு உதவும். எனக்கு அப்பிடித் தாளோட வந்த தாய்மாரின்ட பிள்ளையளோட நான் பட்ட பாடு பாதிதான்.

2025 ஒக்டோபர் 19

மூதூர் அண்ணன் திரும்பி எழுதியிருக்கிறார். எல்லாத்தையும் வாசிச்சாராம், இன்னும் அரைவாசி நாகரிகம்தான் எண்டுதான் நினைக்கிறாராம். இருக்கட்டும். கொழும்பு, பேர், கணக்கு எல்லாத்தையும் விட்டிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், இவ்வளவு நாளும் இங்க ஆரும் கேக்கேல்ல: "உங்கட அக்காவுக்குப் பிறகு அந்தப் பெடியனை ஆர் பாக்கிறது?"

அக்காவுக்கு 52. பெரியவன் காலமை தன்ட பாட்டில குளிப்பான், உடுப்பான், அலஸ்தோட்டக் கடையில பாண் வாங்குவான், மிச்சக் காசு எண்ணத் தெரியாது, கடைக்கார நானா எண்ணிக் குடுப்பார். பதினெட்டு வயசு வரைக்கும் எண்டா ஏதோ பள்ளிக்கூடம், கிளினிக் எண்டு இருக்கு. அதுக்குப் பிறகு நாள் முழுக்க வீடுதான். எனக்குப் பிள்ளையள் இல்லை, நான் பாப்பன் எண்டு சொல்லியிருக்கிறன், ஆனா எனக்கும் அக்காவுக்கும் மூண்டு வயசுதான் வித்தியாசம்.

வளர்ந்த ஆக்கள் பகல் நேரம் போய் இருக்க, சின்ன வேலை ஏதும் பழக, திருகோணமலையிலயோ மட்டக்களப்புப் பக்கமோ ஒழுங்கா நடக்கிற இடம் ஆருக்காவது தெரிஞ்சா எழுதுங்கோ. தமிழில கதைக்கிற இடமா இருக்கவேணும். பஸ்ஸில ஒருக்காத்தான் மாறுற தூரமெண்டா அவனால தனியப் போகலாம்.